கீறத் தெரிஞ்ச பெடியனுக்கு ஒரு சுவர் குடுங்கோ

ஆசிரியருக்கு,

போன ஞாயிறு உங்கட பேப்பரில போர் விமானங்கள் கீறுற ஓவியர் ஒருத்தரைப் பற்றி வந்த கட்டுரை வாசிச்சன், ஆரிட்டயும் படிக்காமல் தானாக் கீறிப் பழகிப் பேர் எடுத்தவராம், சந்தோசம். ஆனா கை இருந்தா மட்டும் காணாது, படத்தைப் பாத்து இது நல்லம் எண்டு சொல்ல ஓரிடம் வேணும். பிரித்தானியாவில விமான ஓவியர்களுக்கெண்டே 1971இல ஒரு சங்கம் துவங்கிட்டாங்கள், இங்க அந்தக் கைக்குக் கடைப் போர்டு எழுதிற வேலைதான்.

எங்கட ஒழுங்கையில ஒரு பெடியன் ஹரிக்கேன் எண்ட பிரித்தானியப் போர் விமானத்தைக் கீறி வச்சிருக்கிறான், 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் திருகோணமலைக்குக் குண்டு போடேக்க இங்க சீனக்குடா விமானத்தளத்தில இருந்து எழும்பின ரகம். முன்பக்கத் தகரத்தில ஆணித்தலை ஒவ்வொண்டும் இருக்கு, விமானிக்குப் பின்னால ஒரு ஆணியும் இல்லை, ஏன்டா எண்டு கேட்டா "மாமா அங்கால துணி, உள்ளுக்கு இருக்கிற சட்டம்தான் வரிவரியாத் தெரியும்" எண்டான். (பிளேன் சத்தம் கேட்டா பங்கருக்குள்ள பாஞ்ச ஆக்கள் நாங்கள், இவன் அண்ணாந்து பாக்கிறான்!) ஒரு போட்டிக்குக் குடுத்ததை இயற்கைக் காட்சி இல்லையெண்டு திருப்பி அனுப்பிட்டினம். வாற ஏப்ரல் 9க்கு நூலகத்தில ஒரு சுவரை இப்பிடியான பிள்ளையளுக்கு ஒதுக்கலாம், சேர்டிபிகேட் கேக்காமல் படத்தை மட்டும் பாத்து எடுங்கோ, பிரேம் போடுற காசை நாங்க ஊராக்கள் சேர்த்துத் தாறம்.

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.