கதண்டு கடிக்கு முதல் ஊசி அட்ரினலின்

ஆசிரியர் அவர்களுக்கு,

கதண்டு என்னும் பெரிய குளவி கடித்து ஒருவர் இறந்தால் ‘விஷம் ஏறிவிட்டது’ என்றே செய்தி வருகிறது. கூட்டமாகச் சூழ்ந்து கடித்திருந்தால் அது சரிதான். அந்த அளவு விஷம் தசையைச் சிதைத்து, ஓரிரு நாளில் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். ஆனால் ஒன்றிரண்டு கடியிலேயே அரை மணி நேரத்துக்குள் உயிர் போனால், காரணம் பெரும்பாலும் ஒவ்வாமை. முன்பு கடித்தபோது உருவான ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருள்கள், தோலிலும் திசுக்களிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் மேல் ஒட்டியிருக்கும். அதே விஷம் மறுபடி பட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை மொத்தமாக வெளியேற்றும். ரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசியும், ரத்த அழுத்தம் சரியும், தொண்டை வீங்கும், மூச்சுக்குழாய் இறுகும். உயிருக்கு ஆபத்தான இந்தக் கடும் ஒவ்வாமைதான் அனாஃபிலாக்சிஸ். தோலில் தடிப்பே இல்லாமல், வாந்தியும் தலைசுற்றலுமாக மட்டும்கூட இது தொடங்கலாம்.

இந்த நேரத்தில் அவில் என்ற ஒவ்வாமை ஊசியும் ஸ்டீராய்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பது இன்னும் நடக்கிறது. வேதனையாக இருக்கிறது. அவில் அரிப்பைத் தணிக்கும், சரிந்த ரத்த அழுத்தத்தை ஏற்றாது. ஸ்டீராய்டு வேலை செய்யவே சில மணி நேரம் ஆகும். உயிரைக் காப்பது அட்ரினலின்தான். 1 மி.லி. ஆம்பியூலில் (சிறு கண்ணாடிக் குப்பி) 1 மி.கி. மருந்து இருக்கும். பெரியவர்களுக்கு அதில் அரை மி.லி.; குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 0.01 மி.கி. தொடையின் வெளிப்பக்க நடுத்தசையில் போட வேண்டும். தோலுக்கடியில் போட்டால் மருந்து ஏறத் தாமதமாகும். அறிகுறிகள் குறையாவிட்டால் 5 நிமிடத்தில் இன்னொன்று. இதயத்துக்கு ஆபத்து என்று பலர் தயங்குகிறார்கள். நீர்க்கச் செய்யாத மருந்தை நேராக ரத்தக் குழாயில் ஏற்றினால்தான் அந்த ஆபத்து அதிகம். தசையில் சரியான அளவு போடத் தயங்கவே கூடாது.

உடன் இருப்பவர்கள் 108-ஐ அழைத்துவிட்டு, கடிபட்டவரைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்திப் பிடிக்க வேண்டும். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காரலாம். ‘ஆட்டோ வரைக்கும் நடந்து வா’ என்று எழுப்பிவிடக் கூடாது. ரத்தம் காலுக்கு இறங்கி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து அங்கேயே துடிப்பு நிற்கலாம். தேறிய பிறகும் சில மணி நேரம் கண்காணிப்பு தேவை, மருந்தின் வேகம் தணிந்ததும் சிலருக்கு மீண்டும் வரும்.

நூறு நாள் வேலையில் புதர் வெட்டுபவர்களும் பனையேறுபவர்களும் முதலில் ஓடி வருவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான். அங்கே அட்ரினலினும் சிரிஞ்சும், அளவு எழுதிய அட்டையும் ஒரே தட்டில், பூட்டாத இடத்தில் இருக்க வேண்டும். காலாவதி தேதியை மாதந்தோறும் பார்க்க வேண்டும். மருந்து இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் தேதி மீதமிருந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும்.

- அவசர சிகிச்சை மருத்துவர், புதுக்கோட்டை