எங்கள் கிணற்றடியில் கல் நட்ட வனவளத் திணைக்களத்து அதிகாரி ஐயா அவர்களுக்கு

ஐயா,

வணக்கம். எந்தக் கல்லைப் பற்றி எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் எங்கள் கச்சான் தோட்டத்துக்கு நடுவில் உங்கள் ஆட்கள் நட்டுவிட்டுப் போன எல்லைக்கல். கிணற்றிலிருந்து எட்டு அடி. கையொப்பம் கேட்டார்கள், அம்மா வைக்கவில்லை.

வானிலிருந்து எடுத்த படத்தில் இது அடர்காடு என்றீர்கள். இருக்கும் ஐயா. 2008 இல் போரில் ஷெல்லுக்குப் பயந்து ஓடியவர்கள், மெனிக் பாம் அகதி முகாம் கண்டு, 2011 இல்தான் திரும்பினோம். மூன்று மாரி ஆளில்லாமல் கிடந்த மண்ணில் நாயுண்ணியும் ஈச்சம்பற்றையும் முளைக்காமல் வேறென்ன முளைக்கும்?

நாங்கள் பதினான்கு குடும்பங்கள். 1977 கலவரத்தில் தோட்டத்து லயக் குடியிருப்பு எரிந்தபின் மலையகத்திலிருந்து லொறியில் இங்கே வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். காணிப் பேர்மிற் எங்கே என்று கேட்கிறீர்கள். 1948 இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழர்களில் என் தாத்தாவும் ஒருவர். அவருக்கு எந்தக் கந்தோரில் பேர்மிற் எழுதிக் கொடுத்திருப்பார்கள்? எங்களில் சிலர் 2003 இல் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்த பிறகுதான் இந்த நாட்டுப் பிரஜைகள் ஆனார்கள்.

ஆனால் கிணறு இருக்கிறது. தாத்தாவும் பக்கத்து வளவுக்காரரும் அலவாங்கால் இடித்து இடித்து இறங்கியது. பதினெட்டாவது அடியில்தான் தண்ணீர் கண்டார்களாம். கட்டின் ஈரச் சீமெந்தில் ஆணியால் 1979 என்று கீறியிருக்கிறார். அதற்குப் பக்கத்தில் ஓர் ஆட்டுக்குட்டி மிதித்த குளம்படி. அது யாருடைய ஆடு என்பதை அம்மா இன்றைக்கும் சொல்லுவார். மானும் மரையும் கிணறு வெட்டிக் கட்டும் கட்டுமா ஐயா? ஒருமுறை வந்து பாருங்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

இரவில் இதே காட்டுக்குள்ளால்தான் மணல் டிப்பர்கள் போகின்றன. ஒன்றாவது உங்கள் கல்லில் முட்டியதாகக் கேள்விப்படவில்லை. பற்றை வெட்டிய என் அம்மாவுக்குத்தான் வழக்குப் போடுவோம் என்கிறார்கள். அறுபது வயதுக்காரி, கையில் ஒரு கத்தி. காட்டை அழிக்க வந்த பெரும்படை! கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்போக மழைக்கு விதை போட வேண்டும். அதற்கு முன் ஒருநாள் பிரதேச செயலாளரையும் கிராம அலுவலரையும் கூட்டிக்கொண்டு வந்து அந்தக் கிணற்றைப் பாருங்கள். கல்லை எங்கே நடுவது என்று பிறகு பேசலாம். ஜீப்பைக் கோயிலடியில் நிறுத்த வேண்டியிருக்கும். அதற்கப்பால் பாலம் உடைந்து கிடக்கிறது. நாள் சொன்னால் நாங்கள் அங்கே வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
பதினான்கு குடும்பங்களுக்காக,
அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஒருத்தி