நடைப்பயிற்சியாளர் சங்க வாசகசாலை: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தாவிலும் கட்டடப் பராமரிப்பிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இந்த ஆண்டு செயற்குழுவின் உழைப்பு முழுவதும் இதயநலம், கோர் (நடுவுடல்) தசைப் பயிற்சி நூல்கள் இருக்கும் அலமாரிக்கே போனது. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூவி பகுப்பு முறையில் இதயநோய் நூல்களின் எண் 616.12, உடற்பயிற்சி நூல்களின் எண் 613.71. எண்ணில் பக்கம்தான், தட்டில் தூரம். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தவர் பயிற்சிப் புத்தகத்தை மட்டும் எடுத்துப் போவார்; அவருக்கான எச்சரிக்கை அடுத்த தட்டில் தூங்கும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று சீர்காழி தந்த நூலக மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வகுத்த விதியை நினைத்து, இரு வகையையும் ஒரே அலமாரிக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

அடுத்தது பழைய நூல்களைக் கழிப்பது. மருத்துவ நூலில் முதலில் பார்க்க வேண்டியது பதிப்பாண்டு. மறுஅச்சு ஆண்டு புதிதாக இருந்தாலும் உள்ளே இருப்பது பழைய பதிப்பாக இருக்கலாம். எனவே நான்கு இடங்களைத் திறந்து சோதித்தோம். ஒன்று, இதயம் நின்றவருக்குச் செய்யும் நெஞ்சழுத்த முதலுதவி. 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்றிருந்தால் அது 2005-க்கு முந்தைய பாடம். இப்போது 30-க்கு 2. முதலில் மூச்சுவழி, கடைசியில் அழுத்தம் என்றிருந்தால் 2010-க்கு முந்தையது. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 செ.மீ. என்பதே இன்றைய அளவு. இதில் தவறியவற்றை யோசிக்காமல் நீக்கினோம்.

இரண்டு, ஐம்பதைத் தாண்டிய எல்லோரும் தினம் ஒரு ஆஸ்பிரின் போடலாம் என்ற அறிவுரை. இதயநோயோ பக்கவாதமோ வராதவர்களுக்கு இதனால் வரும் ரத்தக்கசிவு ஆபத்து, கிடைக்கும் பயனை ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது என்று 2018-இல் வெளியான மூன்று பெரிய ஆய்வுகள் காட்டின. அந்தப் பக்கங்களில் சீட்டு ஒட்டியிருக்கிறோம். அதே சீட்டில் தடித்த எழுத்தில் இன்னொரு வரியும் உண்டு: ஸ்டென்ட் வைத்தவர்கள், மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரினை நிறுத்தக் கூடாது. இந்த வரி விடுபட்டால் சீட்டே ஆபத்து.

மூன்று, ரத்த அழுத்தம். ஒரு நூலில் 140/90, இன்னொன்றில் 130/80 என்று இருப்பதைப் பார்த்து அச்சுப்பிழையோ என்று பலர் கேட்டார்கள். பிழை இல்லை. அமெரிக்க அமைப்புகள் 2017-இல் எல்லையைக் கீழே இறக்கின. ஐரோப்பிய வழிகாட்டுதலில் உயர் ரத்த அழுத்தத்தின் தொடக்கம் இன்றும் 140/90. இரண்டு வகை நூல்களையும் வைத்திருக்கிறோம். நான்கு, பத்து நிமிடத்துக்குக் குறைந்த நடை கணக்கில் சேராது என்ற வாசகம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பதுதான் கணக்கு. நடப்பதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் நம் உறுப்பினர்களுக்கு அந்த இரண்டு நாள் முக்கியம்.

நாடித்துடிப்பு அட்டவணைகள் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவரின் உச்ச நாடித்துடிப்பைக் காண 220-இலிருந்து வயதைக் கழிப்பது தோராயக் கணக்கு. 2001-இல் வந்த சூத்திரம், வயதின் 0.7 மடங்கை 208-இலிருந்து கழிக்கிறது. நாற்பது வயதில் இரண்டும் 180 தான். எழுபதில் ஒன்று 150, மற்றொன்று 159. மெட்டோபுரோலால், அட்டினலால், பைசோபுரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இரண்டுமே பொருந்தாது, மாத்திரை துடிப்பை அடக்கிவைக்கும். அட்டவணையை எட்டிப்பிடிக்க அவர்கள் ஓடக் கூடாது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே அவர்களுக்கு அளவு.

இனி கோர் நூல்கள். கோர் என்பது அட்டைப்படத்தில் வரும் வயிற்றுக் கட்டு அல்ல. மேலே உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசை, முன்னும் பக்கமும் வயிற்றுத் தசைகள், பின்னால் முதுகெலும்பை ஒட்டிய தசைகள், இவை சேர்ந்த ஒரு கூடு. படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்காரும் முழு சிட்-அப் ஒவ்வொரு முறையும் முதுகெலும்பின் மேல் சுமார் 3,300 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 335 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தைப் போடுகிறது. அதனால் சிட்-அப்பை மட்டுமே நம்பிய நூல்களைத் தவிர்த்து, மூன்று அசைவுகளைச் சரியாக விளக்கும் நூல்களை வாங்கினோம்.

முதல் அசைவு: மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மடக்கி, மற்றதை நீட்டி, இரு உள்ளங்கைகளையும் இடுப்புக் குழிவின் அடியில் வைத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து சற்றே உயர்த்துவது. இங்கே நடக்கும் தவறு, இடுப்பைத் தரையோடு அழுத்துவதும் கழுத்தை மட்டும் வளைப்பதும். இரண்டாவது, முழங்காலை மடக்கிய பக்கவாட்டுப் பிளாங்க், அதாவது ஒருக்களித்து முழங்கையிலும் முழங்காலிலும் உடலைத் தாங்கி நிற்பது. முழங்கை நேராகத் தோளுக்குக் கீழே இருக்க வேண்டும், தள்ளிப் போனால் தோள்மூட்டு வலிக்கும். மூன்றாவது, தவழும் நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. காலை இடுப்புக்கு மேலே தூக்கினால் கீழ்முதுகு தொய்யும். ஒவ்வொன்றிலும் பத்து நொடிக்கு மேல் நிற்க வேண்டாம். முதல் சுற்றில் 5 முறை, அடுத்து 3, பிறகு 1 என்று இறங்குமுகமாகச் செய்து, நாளடைவில் எண்ணிக்கையைக் கூட்டலாம். விடிகாலையில் வருபவர்கள் கவனிக்க: இரவில் முதுகெலும்பு வட்டுகள் நீர் ஏற்றி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி வேண்டாம். நடந்து முடித்தபின் செய்யுங்கள்.

இரண்டு வகை நூல்களும் சந்திக்கும் இடம் மூச்சு. உடற்கட்டாளர்கள் மூச்சை அடக்கிக் காலால் பெரும் எடை தள்ளியபோது ரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை ஏறியதை 1985-இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. நம் பயிற்சிகளில் அவ்வளவு ஏறாது. ஆனாலும் பிளாங்க்கில் பல்லைக் கடித்து மூச்சைப் பிடிக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. உரக்க எண்ணினால் மூச்சு தானே ஓடும். சுவரில் சாய்ந்து நாற்காலி போல் நிற்கும் பயிற்சியும் இப்படித்தான். 2 நிமிடம் வீதம் நான்கு முறை, இடையே 2 நிமிட ஓய்வு, வாரம் மூன்று நாள் என்று தொடர்ந்தால் ரத்த அழுத்தம் குறைவதாக 2023-இல் 270 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை காட்டியது. குறைவது வாரக்கணக்கில், செய்யும் அந்த நிமிடத்தில் அழுத்தம் ஏறத்தான் செய்யும். ஆகவே அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள் இதைத் தொடங்கக் கூடாது. பைபாஸ் செய்தவர்கள் மார்பெலும்பு கூடும்வரை, ஏறத்தாழ முதல் 12 வாரம், கையில் உடல் எடை தாங்கும் எதையும் செய்யக் கூடாது. அதன்பின்னும் மருத்துவர் சொன்ன பிறகே. இந்த எச்சரிக்கை இல்லாத நூல்களின் முதல் பக்கத்தில் அதை எழுதி ஒட்டினோம்.

பயிற்சி நூலுக்குக் கட்டமைப்பும் முக்கியம். பசை மட்டும் ஒட்டிய நூல் தரையில் விரித்தால் மூடிக்கொள்ளும். கையால் பிடிக்கப் போனால் நிலை கலையும். சுருள்கம்பி கட்டிய பதிப்பையே இனி வாங்குவோம். ஒரு அசைவுக்குத் தொடக்கம், நடு, முடிவு என மூன்று படமாவது வேண்டும்.

மேசையில் உள்ள ரத்த அழுத்தக் கருவிக்குக் கையில் சுற்றும் பெரிய பட்டை ஒன்றும் வாங்கியுள்ளோம். தடித்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். நடந்து வந்ததும் கட்டாதீர்கள். அரை மணி கழித்து, 5 நிமிடம் முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, கை இதய மட்டத்தில் இருக்க, பேசாமல் உட்கார்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துப் பதிவேட்டில் எழுதுங்கள்.

நெஞ்சுவலிக்கு நூல் தேட வேண்டாம். 108 எண் வாசலிலேயே எழுதப்பட்டுள்ளது.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். இந்த அலமாரியின் ஒவ்வொரு நூலையும் ஆண்டுக்கொரு முறை மேற்சொன்ன நான்கு இடங்களிலும் சரிபார்ப்பது. இரவல் போகும் ஒவ்வொரு பயிற்சி நூலோடும் எச்சரிக்கைச் சீட்டை இணைத்தே கொடுப்பது. பொதுக்குழு ஒப்புதல் அளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்