பொருள்: லியோன் வீட்டு மாற்றம் ரத்தானது, கழிக்கப்பட்ட பாயிண்டுகள், உங்கள் ஊழியரின் பேச்சு – புகார்

பெறுநர்: குறைதீர் அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் சாட்டில் பதில் சொல்வது மனிதரா இயந்திரமா என்று தெரியாமல், போனில் ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று அழுத்திச் சலித்துப்போய் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து கதையை முதலிலிருந்து கேட்கிறார். இந்தத் தடவை எழுத்திலேயே இருக்கட்டும்.

ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிக்கொள்ள ஏற்பாடு செய்கிற உங்கள் தளத்தின் மூலம், பொங்கலுக்கு மதுரையில் எங்கள் வீட்டை பிரான்சின் லியோன் நகரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தோம். அவர்கள் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு பார்க்க வந்தவர்கள். நாங்கள் மாமியார் வீட்டில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டோம். அவர்களைப் பற்றி ஒரு குறையும் இல்லை. சமையலறையை நாங்கள் வைத்திருப்பதைவிடச் சுத்தமாக வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கு எங்கள் கணக்கில் பாயிண்ட் ஏறியது. அந்த பாயிண்டை வைத்து மே மாதம் பள்ளி விடுமுறையில் அவர்கள் வீட்டில் நாங்கள் தங்குவது என்று உறுதியாகி, உங்கள் தளத்தில் பச்சை டிக்கும் விழுந்தது. என் கணவர், நான், இரண்டு பிள்ளைகள். லியோனில் ஓட்டல் என்றால் எங்களுக்கு இரண்டு அறை வேண்டும். ஆசிரியை சம்பளத்தில் அது நடக்கிற காரியமா?

விசாவுக்கு என்ன காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே உங்களிடம்தான் கேட்டேன். “எங்கள் உறுதிக் கடிதமே போதும்” என்று மின்னஞ்சலில் பதில் வந்தது. அதை இணைத்திருக்கிறேன், தயவுசெய்து படித்துப் பாருங்கள். அதை நம்பி டிக்கெட் போட்டு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் எடுத்து, நால்வரும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை போய் விசா மையத்தில் நின்றோம். கவுன்ட்டரில் இருந்த பெண் உங்கள் கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிரான்சில் தனியார் வீட்டில் தங்குவதென்றால் வீட்டுக்காரர் அந்த ஊர் மேயர் அலுவலகத்தில் வாங்கிய வரவேற்புச் சான்று வேண்டும், அதுவும் அசல் வேண்டும் என்றார். வீட்டுக்காரர் 30 யூரோ முத்திரைக் கட்டணம் கட்டி, வீட்டுக்கும் வருமானத்துக்கும் ஆதாரம் காட்டி வாங்குகிற சான்று அது. எத்தனையோ வருடமாக நடைமுறையில் இருப்பது. பிரான்ஸ் வீடுகளைப் பட்டியல் போட்டு விற்கிற உங்களுக்கு இது தெரியாதா? விசா கட்டணம் பெரியவர்களுக்கு ஆளுக்கு 90 யூரோ. அதைக் கட்டுவதற்கு முன்பே அந்தப் பெண் நிறுத்தினாரே, அவருக்கு நன்றி.

மையத்து வாசலில் நின்றே உங்களுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் சொன்னது: “ஓசியில தங்கப் போறீங்க மேடம், ஒரு பேப்பருக்கு இவ்வளவு பேச்சா? வீட்ல சார் இருந்தா குடுங்க.” சார் பக்கத்தில்தான் நின்றார், அவரும் கேட்டார். ஓசியா? வருட சந்தா கட்டியிருக்கிறோம். பண்டிகை நாளில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே போயிருக்கிறோம். 1953-இல் ஐரோப்பாவில் பள்ளி ஆசிரியர்கள் கூடி ஆரம்பித்த வழக்கம் இது. சம்பளம் குறைவு, விடுமுறை நீளம் என்பதால் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிக்கொண்டார்கள். அதை வைத்து வியாபாரம் செய்கிற உங்கள் ஆள் என்னை ஓசி என்கிறார். அந்த அழைப்பைப் பதிவு செய்வதாக ஆரம்பத்தில் ஒரு குரல் சொன்னதே, எடுத்துக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி இருந்ததால் பிழைத்தோம். இல்லாவிட்டால் பொங்கலன்று ஸ்டேஷனில் நின்றிருப்போம்.

லியோன் குடும்பத்தார் நல்ல மனிதர்கள். விஷயம் தெரிந்த அன்றே மேயர் அலுவலகத்தில் நேரம் கேட்டார்கள், கிடைத்த தேதி எங்கள் விடுமுறை முடிந்த பிறகு. அவர்களும் உங்களிடம் முதலிலேயே கேட்டிருக்கிறார்கள், தேவையில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். ஓட்டலுக்காவது மாறலாமா என்று கணக்குப் போட்டோம். வாடகை ஒருபுறம் இருக்க, செலவுக்குக் கையில் இருப்பதாக விசாவுக்குக் காட்ட வேண்டிய பணமே இரட்டிப்பாகிறது: மேயர் சான்று இருந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 32.50 யூரோ, ஓட்டல் பதிவு என்றால் 65, இரண்டும் இல்லாவிட்டால் 120. முடியாது என்று விட்டுவிட்டோம்.

அப்புறம் நீங்கள் செய்ததுதான் உச்சம். “விருந்தினர் ரத்து செய்தார்” என்று எழுதி எங்கள் பாயிண்டில் பாதியைக் கழித்திருக்கிறீர்கள்!

விமான டிக்கெட் ரத்தில் போனது, காப்பீடு, ரயில், லீவு, எங்கள் வீட்டுக்கு வந்திருக்கக்கூடிய வாடகை எல்லாம் சேர்த்தால் எங்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் நஷ்டம். பிள்ளைகள் அழுததற்கு இதில் விலை போடவில்லை.

தயவுசெய்து கழித்த பாயிண்டுகளை முழுதாகத் திருப்பிப் போடுங்கள், சந்தாவையும் டிக்கெட் ரத்துச் செலவையும் கொடுங்கள், அந்த ஊழியரிடமிருந்து எழுத்தில் மன்னிப்பு வாங்கி அனுப்புங்கள். நிதானமாகப் பேசி முடிக்கவே விரும்புகிறேன். ஆனால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி இந்தப் புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்தில் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தவறினால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அடுத்து மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்; சேவைக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. உங்கள் வக்கீல்தான் மதுரைக்கு வர வேண்டியிருக்கும். அவர் எங்கே தங்குவார் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மதுரை உறுப்பினர்

இணைப்பு: உங்கள் மின்னஞ்சல், உறுதிக் கடிதம், டிக்கெட் ரத்து ரசீதுகள்.

பின்குறிப்பு: பதிலை எழுத்தில் அனுப்பவும். போன்தான் செய்வோம் என்றால், அந்த ஊழியரைத் தவிர வேறு யாராவது பேசட்டும்.