ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்குக் கடைமடையிலிருந்து ஒரு மடல் (2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் எழுதியது)

கொங்கு மண்டலத்து நாடாளுமன்றத் தொகுதிகளில் வரும் 2024 ஏப்ரல் 19 தேர்தலுக்கு எங்கள் ஓட்டைக் கேட்டு நிற்கிற எல்லாக் கட்சி வேட்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் காங்கயம் வட்டத்தில், பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத் திட்ட வாய்க்காலின் கடைமடையில் பண்ணையம் பார்க்கிறவன். ஓட்டு ஈரோடு தொகுதியில். கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், நீலகிரி, கரூர், நாமக்கல், சேலத்தில் நிற்கிறவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்த முறை டீக்கடையிலும் தேங்காய்க் களத்திலும் ஒரே பேச்சுத்தான். "யார் வந்து என்னங்க ஆகப் போகுது?" இதைச் சொல்கிறவர்கள் அரசியல் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வருடக்கணக்காகக் கொடி கட்டினவர்கள், பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவர்கள், நாலு பேரை வண்டியில் கூட்டிக்கொண்டு போய் ஓட்டுப் போட வைத்தவர்கள். அவர்களே கைவிட்டுப் பேசும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. பையன்கள் நோட்டாவை அழுத்துகிறோம் என்கிறார்கள். நோட்டாவுக்கு எத்தனை விழுந்தாலும் அடுத்து அதிக ஓட்டு வாங்கினவர் ஜெயித்துவிடுவார் என்று சொன்னால், "அப்படியாவது எங்க கோபம் பதிவாகட்டும்" என்று பதில் வருகிறது.

பி.ஏ.பி. பாசனத்துக்குக் கூடுதல் தண்ணீர் கொண்டுவருவதற்கான ஆனைமலையாறு – நல்லாறு திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பி.ஏ.பி.யில் திருமூர்த்தி அணையை நம்பி 3.77 லட்சம் ஏக்கர் இருக்கிறது. தண்ணீர் போதாமல் அதை நான்கு மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை விடுகிறார்கள். அதிலும் வழியில் எடுத்தது போக மிச்சம்தான் வெள்ளகோவில் பக்கம் வந்து சேரும். நடுவே ஒரு வருடம் மழையும் பொய்த்தால் தென்னையைக் காப்பாற்ற லாரித் தண்ணீர்தான். இதற்குத் தீர்வாக நீங்கள் ஒவ்வொரு தேர்தலிலும் சொல்வது அந்தத் திட்டத்தைத்தான். "நான் ஜெயித்தால் ஆனைமலையாறு – நல்லாறு வரும்." சரி, எப்படி வரும்?

1970-ல் தமிழகமும் கேரளமும் போட்ட ஒப்பந்தத்திலேயே ஆனைமலையாற்றிலிருந்து நமக்கு இரண்டரை டி.எம்.சி. உண்டு. கேரளம் தன் இடமலையாறு திட்டத்தை முடித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. இடமலையாற்றில் அணை எண்பதுகளிலேயே கட்டியாகிவிட்டது. திட்டம் இன்னும் முழுதாக முடியவில்லை என்பது கேரளத்தின் வாதம். 30 ஆண்டுக்கு ஒரு முறை ஒப்பந்தத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. 2019 செப்டம்பரில் இரண்டு முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்துப் பேசினார்கள், இரண்டு பக்கமும் குழு போட்டார்கள். வாய்க்கால் கரையில் இருக்கிற எங்களுக்கு இவ்வளவும் தெரியும். மேடையில் நிற்கிற உங்களில் ஒருவர்கூட இதில் எந்த முடிச்சை எப்படி அவிழ்க்கப் போகிறேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "வரும்" என்கிற ஒரே சொல்லோடு வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது.

எல்லாமே நடக்காமல் போனது என்று நான் சொல்ல வரவில்லை. பவானி ஆற்று உபரி நீரைக் குளங்களுக்குக் கொண்டு போகிற அத்திக்கடவு – அவிநாசி திட்டத்துக்காக மூன்று தலைமுறை கேட்டது. 2016-ல் அவிநாசியில் நாள்கணக்கில் பட்டினி கிடந்தார்கள். 2019-ல் மாநில அரசு தன் நிதியிலேயே 1,652 கோடி என்று தொகை குறித்து அடிக்கல் நாட்டிய பிறகுதான் குழாய் மண்ணுக்குள் இறங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டு போகிற வேலை அது. பணம் எவ்வளவு, யார் கொடுப்பது, யார் கையெழுத்து என்று தீர்ந்த அன்றுதான் எந்த வேலையும் நகரும்.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. எம்.பி.யால் செய்ய முடிகிற காரியங்களைப் பற்றி நீங்கள் வாயே திறப்பதில்லை. தெருவிளக்கு, சாக்கடை என்று எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பார்க்க வேண்டியதையெல்லாம் வாக்குறுதியாக வாசிக்கிறீர்கள். காங்கயத்தில் கொப்பரை காய்கிற களங்களைப் பார்த்துக்கொண்டேதானே போகிறீர்கள்? கொப்பரைக்கு ஆதார விலை வைப்பது மத்திய அரசு. 2024-க்கு அரவைக் கொப்பரை குவிண்டாலுக்கு 11,160 ரூபாய் என்று அறிவித்திருக்கிறது, வெளியே அந்த விலை கிடைப்பதில்லை. சமையல் எண்ணெய் இறக்குமதிக்குக் குறைத்த வரியை 2025 மார்ச் வரைக்கும் நீட்டித்ததும் டெல்லிதான். பாமாயில் மலிவாக வந்து இறங்கினால் தேங்காய் எண்ணெய் என்ன ஆகும் என்று களத்தில் கூலிக்கு நிற்கிற பெண்கள்கூடச் சொல்வார்கள். இந்த வரியைப் பற்றி நாடாளுமன்றத்தில் என்ன கேட்பீர்கள்? உங்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். கோவை, திருப்பூர் பக்கம் பம்ப்செட்டுக்கும் நூலுக்கும் ஜி.எஸ்.டி. குறைப்போம் என்கிறவர்களும், அதை ஜி.எஸ்.டி. கவுன்சிலில் எந்த மாநிலத்து நிதியமைச்சரை எழுப்பச் சொல்லப் போகிறீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

மஞ்சள் விஷயத்தில் எங்களுக்கு ஆற்றாமை அதிகம். 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மஞ்சள் வாரியம் கேட்டு 170-க்கும் மேற்பட்ட விவசாயிகள் வேட்புமனு போட்டு நின்றார்கள், அப்போதைய எம்.பி. தோற்றார். ஐந்தே நாளில் மஞ்சள் வாரியம் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர் ஜெயித்தார். ஐந்து நாள் நான்கு வருடத்துக்கு மேல் ஆனது. ஆனாலும் எழுதிக் கொடுத்ததைக் காட்டி அந்த ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது. 2023 அக்டோபரில் தேசிய மஞ்சள் வாரியம் அறிவிப்பு வந்தது, அதுவும் தெலங்கானாவில் வைத்து. புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சளுக்காக யார் எழுதிக் கொடுத்தீர்கள்?

நிஜாமாபாத்துக்கு முன்னோடியே நாங்கள்தான். 1996-ல் எங்கள் ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். பெரும்பாலும் விவசாயிகள், கோரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை என்பதற்காக நின்றவர்கள். வாக்குச் சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்து, தேர்தலே ஒரு மாதம் தள்ளிப்போனது. அதே ஆண்டில் சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அந்த விவசாயிகள் கேட்டது இதையா?

அதனால் இந்த முறை நாங்கள் கேட்பது ஒரு பக்கத் தாள், அவ்வளவுதான். நீங்கள் தருகிற ஒவ்வொரு வாக்குறுதிக்கும் நேராக, அதை முடிவு செய்கிற அதிகாரம் யாருக்கு, பணம் எங்கிருந்து, முதல் வருடத்தில் நீங்கள் செய்யப்போவது என்ன என்று எழுதுங்கள். உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்ன பிறகு, தேர்தல் அறிக்கையில் வாக்குறுதிக்கான காரணமும் நிதிக்கான வழியும் தெரிய வேண்டும் என்று தேர்தல் ஆணையமே நடத்தை விதியில் சேர்த்திருக்கிறது. உங்களால் முடியாததை முடியாது என்றே எழுதுங்கள். அப்படி எழுதுகிறவருக்கு என் வீட்டு ஓட்டு மொத்தமும் விழும், கட்சி எதுவாக இருந்தாலும் சரி.

அப்புறம், கடைசி இரவில் பணக் கவர் கொடுத்துவிட்டால் போதும் என்று உங்கள் ஆட்கள் சொல்வார்கள். எங்கள் ஆட்களிலும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் நாங்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பிரச்சாரம் ஏப்ரல் 17 மாலையோடு முடிகிறது. அதற்குள் அந்தத் தாளை வெள்ளகோவிலில் ஒரு கூட்டத்திலாவது வாசியுங்கள். ஜெயித்தால், முதல் கூட்டத்தொடர் முடிந்த கையோடு அதே தாளுடன் வாருங்கள். நீங்கள் அவையில் கேட்ட கேள்வியும் அமைச்சர் கொடுத்த பதிலும் அச்சில் இருக்கும், அதையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவன்,
காங்கயம் வட்டம்