பூடான் போகிறீர்களா? முதலில் இதைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். குழுவாகப் பூடான் கிளம்பும் பெரியவர்கள் முன்பணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள்: பூடான் அரசு இந்தியர்களிடம் ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம் வாங்குகிறதே, அது சொன்ன தொகையில் சேர்ந்ததா? எங்கள் ஏஜெண்ட் வாயே திறக்கவில்லை. எல்லையில், ஃபுன்ட்ஷோலிங்கில்தான் தெரிந்தது. அப்புறம், ஆதாரை நம்பிப் போகாதீர்கள். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும்.

பாரோ என்ற ஊரில், மலைமேல் உள்ள தக்த்சாங் புத்த மடம் 3,120 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறும்போது குதிரை பாதி வழிதான், மீதி நடைதான். இறங்கும்போது அதுவும் கிடையாது. கடைசிப் படிகளில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட என் அக்காவை வழிகாட்டி இளைஞர்தான் கைத்தாங்கலாக இறக்கினார். போய்ச் சேர்ந்த மறுநாளே அந்த ஏற்றம் வேண்டவே வேண்டாம்; உடம்பு குளிருக்கும் உயரத்துக்கும் பழகட்டும். பயணத்தின் கடைசி நாளுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்