ஸ்பாக் சிரித்தபோது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மாடி அறைக்கு வெள்ளையடிக்கிற வேலையில் பதில் தள்ளிப்போனது. அக்காவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி.

வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது உன் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஜே.எம். டில்லார்டின் 'டீமன்ஸ்', 1986-ல் வந்த நாவல், ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கப்பல் டிவி தொடரை ஒட்டி எழுதியது. காலேஜ் கடைசி வருஷம் கொடுத்தாய், திரும்பக் கேட்கவே இல்லை. முதுகில் நீ ஒட்டிய செல்லோடேப் பழுப்பேறி, தொட்டால் பொடியாக உதிர்கிறது. இரண்டே ராத்திரியில் மறுபடி படித்து முடித்தேன்.

கதை உனக்கு நினைவிருக்கும். ஆய்வுக்குழு கொண்டுவந்த பொருளோடு ஒரு தீய சக்தியும் தொற்றிக்கொண்டு வந்து, ஆட்களுக்குள் புகுந்துகொள்கிறது. கப்பல் அதிகாரி ஸ்பாக்கின் சொந்தக் கிரகமான வல்கனையும் அது விடவில்லை. உணர்ச்சியை அடக்கியே வாழப் பழகிய ஜனங்கள் அவர்கள்!

அப்போது இதை வைத்து நமக்குள் சண்டையே வந்தது. கேப்டன் கிர்க்கும் ஸ்பாக்கும் சாகப்போவதில்லை என்று முன்னாலேயே தெரியும், டிவி தொடரை ஒட்டி எழுதுகிற நாவலில் என்ன திகில் என்று கேட்டாய். எனக்கு அன்று பதில் வரவில்லை. இப்போது வருகிறது.

அந்தத் தொடரில் 1968-ல் வந்த 'ரிட்டர்ன் டு டுமாரோ' என்ற எபிசோடை எடுத்துக்கொள். சார்கன் என்ற பழைய உயிர் கிர்க்கின் உடம்புக்குள் போகிறது. ஸ்பாக்கின் உடம்புக்குள் போவது ஹெனோக் என்ற இன்னொரு உயிர். போனதும் ஸ்பாக் சிரிக்கிறார். அவ்வளவுதான், நமக்கு வயிற்றைக் கலக்கிவிடுகிறது. ஸ்பாக்கை முன்பின் தெரியாதவருக்கு அது வெறும் சிரிப்பு. புது நாவல் எழுதுகிறவர் நூறு பக்கம் செலவழித்தால்தான் பாத்திரத்தோடு நமக்கு அப்படி ஒரு பழக்கத்தை உண்டாக்க முடியும். டில்லார்டுக்கு அது முதல் பக்கத்திலேயே கையில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கதை இந்த வகை நாவலில் இவ்வளவு நன்றாக எடுபடுகிறது.

படிக்கும்போது திருமூலர் கதை ஞாபகம் வந்தது. செத்துக் கிடந்த இடையன் மூலனைச் சுற்றி மாடுகள் கதறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அந்த உடம்புக்குள் போகிறார். மாடுகளுக்கு அது போதும், மகிழ்ந்து மேயப் போய்விடுகின்றன. மூலனின் மனைவிக்குப் போதவில்லை. இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறித் தொட வருகிறாள், அவர் தொட விடவில்லை. அந்தப் பெண்ணின் இடத்தில்தான் இந்த நாவல் நம்மை நிறுத்துகிறது, சேகர். அன்றைக்கு இருபது வயதில் நமக்கு அது புரிந்திருக்காது.

சரி, ஒரு உதவி. இதற்குத் தொடர்ச்சியாக டில்லார்டும் காத்லீன் ஓ'மாலியும் சேர்ந்து எழுதிய 'பொசெஷன்' 1996-ல் வந்தது. அதில் வருவது பிந்தைய ஸ்டார் ட்ரெக் தொடரின் கேப்டன் பிக்கார்டின் குழு. நான் படித்ததில்லை. அங்கே பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் வாங்கி வை. பொங்கலுக்கு வரும்போது உன் 'டீமன்ஸ்' உன் கைக்கு வந்துவிடும், புது டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அக்காவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரகு